சாணி கேஸும் என் சம்பந்தியும்

எனக்கு யார் மேலேயும் பொறாமை கிடையாது, என் சம்பந்தி பாக்கியத்தைத் தவிர. மகனுக்கு அவள் வீட்டில் பெண் எடுத்த நாளிலிருந்தே அவளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். (மருமகள் தங்கமானவள். அம்மாதான் அப்படி.)

எங்கள் இறம்பொடைப் பக்கம் மழை முன்னே மாதிரி இல்லை. பெய்ய வேண்டிய மாதத்தில் வெயில் அடித்துத் தேயிலைக் கொழுந்து கருகும். வேண்டாத நேரத்தில் கொட்டி மண் சரியும். ஓடைக்கு மேலே இருந்த மரத்தையெல்லாம் நாங்கள் விறகுக்கு வெட்டியதும் ஒரு காரணம் என்றார்கள். எங்கள் தேயிலையை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, சாணியில் கேஸ் உண்டாக்கும் தொட்டி கட்டித் தருகிறோம், மரத்தை விட்டுவிடுங்கள் என்றது. முதலில் ரெண்டு வீட்டுக்குத்தான். மேல் லயத்து வீட்டு வரிசையில் எனக்கு, கீழ் லயத்து வரிசையில் பாக்கியத்துக்கு. அது சரிவந்தால் மாடு உள்ள எல்லோருக்கும்.

ஒரே நாளில்தான் சாணி கரைத்து ஊற்றினோம். அவள் அடுப்பு முந்திப் பற்றிக்கொண்டது. "நீலமா எரியுது, வந்து பாருங்க அண்ணி" என்று ஆள் அனுப்பினாள். போனேன். பார்த்தேன். வந்துவிட்டேன். பிறகு என்னுடையதும் எரிந்தது. ஆனால் அவள் நெருப்புதான் உயரம். (அளந்தா பார்த்தாய் என்று மகன் கேட்டான். கண் எதற்கு இருக்கிறது?)

அப்போதுதான் கம்பெனித் துரைமார் வருகிறார்கள், சாணி கேஸில் போட்ட தேத்தண்ணி குடிப்பார்கள் என்று சேதி வந்தது. தோட்டத்து ஆட்களின் நலம் பார்க்கிற வெல்பெயார் ஐயா பாக்கியம் வீட்டைச் சொல்லிவிட்டார். நான் ஆபீசுக்கே போய்விட்டேன்.

"ஐயா, அவ மாட்டுப்பட்டி நாறும். தொரமாரு மூக்கப் பொத்திக்கிட்டு எப்புடிக் குடிப்பாங்க?"

"ஒங்க பட்டி நாறாதாம்மா?"

"எங்க பட்டியில எல போட்டுச் சாப்பிடலாங்க."

"சரி சரி, ஒங்க வீட்டுலயே வச்சிக்குவோம்."

சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டாமா? நுவரெலியாவிலிருந்து பினாயில் போத்தல் போத்தலாக வரவழைத்தேன். சவுக்காரத் தூள் போட்டு, பினாயில் ஊற்றி, தினமும் பட்டியைத் தேய்த்துக் கழுவினேன். கழுவின தண்ணீர் சாணியோடு வடிகால் கான் வழியே நேராகத் தொட்டிக்குள் போனது. மாடு தும்மியது. நெருப்பு நாளுக்கு நாள் சிறுத்தது. பாக்கியத்தின் கண்தான் என்று அடுப்புக்கு மிளகாய் சுற்றிப் போட்டேன்.

துரைமார் வந்த அன்று பட்டுச் சேலை கட்டி, புதுக் கோப்பைகளை அடுக்கி, குச்சியைக் கிழித்தேன். பற்றவில்லை. பெட்டியே காலியானது. துரைமார் சிரித்த முகம் மாறாமல் நின்றார்கள். வெல்பெயார் ஐயா பின்னால் போய்க் கானை மோந்து பார்த்தார்.

"இதுல என்னம்மா ஊத்துனீங்க?"

"பினாயிலுங்க. சுத்தமா இருக்கட்டும்னு."

"தொட்டிக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க இருக்கும்மா. அதுங்கதான் சாணியத் தின்னு கேஸ் விடுது. அம்புட்டையும் கொன்னுட்டீங்களே."

இனி நமக்கெல்லாம் எங்கே தரப்போகிறார்கள் என்று வாசலில் நின்ற லயத்துச் சனம் என்னைப் பார்த்தது. வேறு வழியில்லாமல் ஐயா எல்லோரையும் கீழ் லயத்துக்குக் கூட்டிப்போனார். கோப்பைகளைச் சுமந்துகொண்டு நானும் போனேன். (என் கோப்பை, விட முடியுமா?) முழங்கை வரை சாணியோடு நின்ற பாக்கியம், கை கழுவிவிட்டு ஒரே குச்சியில் பற்றவைத்தாள். துரைமார் இன்னொரு கோப்பை கேட்டு வாங்கிக் குடித்தார்கள். எல்லோருக்கும் தொட்டி உண்டு என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

என் தொட்டியை மட்டும் இறைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று. வெறும் சாணி போட்டால் மறுபடி பற்ற வாரக்கணக்கில் ஆகுமாம். நன்றாக எரிகிற தொட்டியிலிருந்து கொஞ்சம் கரைசல் எடுத்து, பாலுக்கு உறை ஊற்றுவது போல ஊற்ற வேண்டுமாம். அன்றைக்கு அப்படி எரிந்த தொட்டி ஊரில் ஒன்றே ஒன்று.

பாக்கியமே வாளியைத் தூக்கிக்கொண்டு மேடேறி வந்தாள். லயமே பார்த்துக்கொண்டிருக்க என் வாசலில் இறக்கி வைத்தாள்.

"எம் பொண்ணுக்குச் சீர் பத்தலைன்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்களே அண்ணி. இந்தாங்க."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தேத்தண்ணி ருசியாக இருந்தால், "பாக்கியம் வீட்டுச் சீர்" என்கிறார்கள். மருமகள் கொஞ்சம் சத்தமாகவே சொல்வாள். சோறு அடிப்பிடித்தால் மட்டும் அது என் கைப்பக்குவமாம்.