நங்கூரம் கேட்ட பங்கு

எங்கள் கல்லூரிக் கால்பந்து அணியின் வரலாற்றை யாராவது எழுத வந்தால், நங்கூரம் என்ற ஒரே ஓர் ஆளைப் பற்றி எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடலாம். மற்ற நாங்களெல்லாம் வந்தோம், ஆடினோம், தோற்றோம், பரீட்சை எழுதிவிட்டுப் போய்விட்டோம். நங்கூரம் போகவில்லை. கல்லூரி திறந்த வருடம் மைதானத்தில் கோல் கம்பங்களை ஊன்றியபோது நடுவில் போய் நின்றவர், அந்தக் கம்பங்களைக் கறையான் தின்று புதிது மாற்றிய பிறகும் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார். கம்பத்தை மாற்றிய ஆசாரி அவரையும் சேர்த்துப் பிடுங்கப் பார்த்ததாக விடுதியில் ஒரு பேச்சு உண்டு.

அறுபதுகளின் தொடக்கம். தனுஷ்கோடிக்கு ரயில் போய்க்கொண்டிருந்த காலம். ராமநாதபுரம் கடற்கரையில் புதிதாக முளைத்த கல்லூரி எங்களுடையது. மேற்கே கட்டடம், கிழக்கே கடல், நடுவில் மைதானம். மைதானம் என்பது மரியாதைக்குச் சொல்வது. முக்கால்வாசி மணல், மீதி நெருஞ்சி. கிழக்குக் கோலுக்குப் பின்னால் முப்பது எட்டு வைத்தால் காலில் அலை படும்.

நான் திருவாடானைப் பக்கம். எங்கள் அய்யா நெல் விதைக்கிறவர். கல்லூரியில் சேரும்வரை கடலைக் காலண்டரில்தான் பார்த்திருந்தேன். நங்கூரமோ வள்ளக்காரக் குடும்பம். அவருடைய வாப்பா கொழும்புக்குச் சரக்கு வள்ளம் ஓட்டியவர். என்னை அவர் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, "ஏலே திருவாடான" என்பார். எங்களுக்கும் அவருடைய சொந்தப் பெயர் தெரியாது, நங்கூரம் என்பது விடுதி வைத்தது. வருகைப் பதிவு எடுக்கும்போது தெரிந்திருக்குமே என்று கேட்பீர்கள். வகுப்புக்கு வந்தால்தானே வருகைப் பதிவு.

ஒரே கல்லூரியில் ஒருவர் ஐந்து வருடமாக எப்படி நிற்க முடியும்? அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். எல்லாப் பாடத்திலும் தேறுவார், ஆங்கிலம் இரண்டாம் தாளில் மட்டும் தோற்பார். மூன்று மணி நேரத் தாளில் அரை மணி எழுதிவிட்டு எழுந்து வந்து, வேப்பமரத்தடியில் பந்துக்குக் காற்றடிப்பார். புதுக் கல்லூரி, பையன்கள் கிடைக்காத காலம் என்பதால் யார் திரும்பி வந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள். ஒருநாள் மனசு பொறுக்காமல் கேட்டேன்.

"அண்ணே, தெரிஞ்சதையாவது எழுதிட்டு வரக் கூடாதா?"

"தெரிஞ்சத எல்லாம் எழுதுனா பாஸாயிருவேம்லே. அப்புறம் கோல்ல யாரு நிப்பா? நீயா நிப்ப?"

நான் புல் பேக். அதாவது அவருக்கு முன்னால் நின்று, அவருக்குப் பந்து தெரியாமல் மறைக்கிறவன்.

அவருடைய ஆட்டம் முழுக்கக் காற்றில் இருந்தது. ஆட்டம் தொடங்குமுன் குனிந்து ஒரு பிடி மண் எடுப்பார். கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, மெதுவாக விடுவார். மண் எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு தூரம் போகிறது என்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். "கச்சான் எளகுது. நாலரைக்கு மேல அடிக்கும்" என்பார். கச்சான் என்றால் மேற்கேயிருந்து கடலைப் பார்த்து வீசுகிற காற்று. நாலரைக்கு மேல் அது அடிக்கத்தான் செய்யும், வேட்டி நிற்காது. டாஸ் ஜெயித்தால் எதிரிகள் நிழலைப் பார்ப்பார்கள், வெயிலைப் பார்ப்பார்கள். நாங்கள் நங்கூரத்தின் கையிலிருந்து விழும் மண்ணைப் பார்ப்போம்.

இவ்வளவு காற்று தெரிந்தும் நாங்கள் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. காரணம், பல்கலைக்கழகப் போட்டிகளெல்லாம் கடல் இல்லாத ஊர்ப் பக்கம், பெரிய கல்லூரிகளில் நடக்கும். ஒருமுறை அப்படிப் போன இடத்தில் நங்கூரம் மண்ணை எடுத்து விட்டார். அது நேராக அவர் கால் விரலில் விழுந்தது. இன்னொரு பிடி எடுத்தார். அதுவும் காலில் விழுந்தது. முகம் செத்துப்போய் என்னைப் பார்த்தார்.

"ஏலே, இங்கன காத்தே இல்லையே. எப்புடிலே இவனுவ உசிரோட இருக்கானுவ?"

அன்றைக்கு ஒன்பது கோல் வாங்கினோம். அடுத்த வருடம் அதே மைதானத்தில் ஏழு. "முன்னேறிக்கிட்டு வாரோம்" என்று ரயிலில் திரும்பும்போது சொன்னார்.

விளையாட்டு அறையில் ஒரு தேக்குப் பலகை இருந்தது. கல்லூரி திறந்தபோது யாரோ ஆர்வக்கோளாறில் செய்து மாட்டியது. தலையில் தங்க நிறத்தில் 'கால்பந்து: வெற்றிகள்' என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழே பளபளவென்று வெறும் வார்னிஷ். நங்கூரம் வாரம் ஒருமுறை அதைத் துணி வைத்துத் துடைப்பார்.

ஐந்தாவது வருடம் இரண்டு இடிகள் சேர்ந்து விழுந்தன. ஐந்து வருடத்துக்கு மேல் எந்த மாணவனும் அணியில் ஆட முடியாது என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. அதை வாசித்துக் காட்டிய பிரின்சிபால், "இந்த வருஷமும் ஜெயிக்கலைன்னா அந்தப் பலகையை இறக்கிடுங்க. விடுதி மெஸ்ஸுல, இன்னைக்கு என்ன குழம்புன்னு எழுதிப் போடப் பலகை கேக்குறாங்க" என்றார்.

நங்கூரம் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. தட்டின் முன்னால் உட்கார்ந்து, "அஞ்சு வருசம்லே" என்று மட்டும் சொன்னார். பிறகு, "கத்திரிக்கா கொழம்புன்னு எழுதுவானுவ" என்றார்.

அந்த வருடத்துக் குலுக்கலில் ஓர் ஆட்டம் எங்கள் மைதானத்துக்கு விழுந்தது. ஐந்து வருடத்தில் முதல் தடவை. எதிரி ஒரு பெரிய நகரத்துக் கல்லூரி. வேன் வைத்து வந்தார்கள். பதினொரு பேருக்கும் பூட்ஸ். எங்களில் நான்கு பேருக்குப் பூட்ஸ், அதில் இருவருக்கு இரண்டுமே இடது கால். நங்கூரம் மண்ணை எடுத்து விட்டார். அது கிழக்கே சாய்ந்து பறந்தது. அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

டாஸ் ஜெயித்து, முதல் பாதியைக் காற்றை எதிர்த்து ஆடுவது என்றார். காற்று முற்றுவதற்குள் கஷ்டத்தைக் கழித்துவிட வேண்டுமாம். அந்த முதல் பாதியில் அவர் பந்தைப் பிடித்தார், தடுத்தார், வயிற்றில் வாங்கினார், ஒருமுறை என் மேல் பட்டு உள்ளே போகப் பார்த்ததையும் பாய்ந்து தட்டினார். கோல் விழவில்லை.

இரண்டாம் பாதியில் மேற்குக் கோலுக்கு மாறினோம். கச்சான் முதுகில் அறைந்தது. ஐந்தாவது நிமிடம் ஒரு பந்தைப் பிடித்த நங்கூரம், கையிலிருந்து விட்டு உதைத்தார். பந்து எங்கள் எல்லார் தலைக்கும் மேல் போனது. காற்று அதைத் தூக்கிக்கொண்டே போய், எதிரிக் கோலிக்கு முன்னால் போட்டது. அங்கே ஒரு குத்துக் குத்தி, அவன் தலையைத் தாண்டி உள்ளே விழுந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து கோல் போட்டுவிட்டு, கோல்கீப்பர் ஒன்றும் தெரியாதவர் மாதிரிக் கைலியை மடித்துக் கட்டினார். ஆமாம், கைலிதான். நிக்கர் போட்டால் காற்று தெரியாது என்பார்.

பத்து நிமிடம் பாக்கி இருந்தபோது அவர் தன் கடைசிக் கணக்கைப் போட்டார். கல்லூரியில் இருந்தது ஒரே பந்து. வந்தவர்களும் பந்து கொண்டுவரவில்லை. ரெப்ரியாக வந்திருந்த டிரில் மாஸ்டர் ஆட்டத்துக்கு முன்பே சொல்லியிருந்தார், பந்து கெட்டுப்போனாலோ தொலைந்துபோனாலோ இருக்கிற கோலே முடிவு என்று. நங்கூரம் பந்தைப் பிடித்தார். காற்று ஓங்குகிற நேரம் பார்த்து, உயிரைக் கொடுத்து உதைத்தார். பந்து கோலைத் தாண்டி, கரையைத் தாண்டி, கடலில் விழுந்து கிழக்கே போகத் தொடங்கியது.

"முடிஞ்சிச்சு. கொழும்புக்குப் போகுது" என்றார் நங்கூரம்.

போயிருக்கும். ஆனால் அந்த நேரம் கடலில் கரைவலை விட்டிருந்தார்கள். வள்ளத்தில் கொண்டுபோய் வலையை அரைவட்டமாகக் கடலில் விட்டுவிட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் நின்று இழுப்பது கரைவலை. பந்து அந்த வட்டத்துக்குள் விழுந்திருந்தது. வலை கனத்துவிட்டது. கயிற்றைப் பிடித்திருந்தவர்களைக் கடல் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

"கை பத்தல. கயித்துக்கு வாங்கலே" என்று கரையிலிருந்து சத்தம் வந்தது.

அந்தக் கரையில் ஒரு நடைமுறை. கயிற்றுக்குக் கூப்பிட்டால், காதில் விழுந்தவன் யாராக இருந்தாலும் போய்ப் பிடிக்க வேண்டும். பிடித்தவனுக்குப் பங்கு உண்டு. கல்யாண மாப்பிள்ளை பிடித்திருக்கிறான், தபால்காரர் பையைக் கழற்றி வைத்துவிட்டுப் பிடித்திருக்கிறார். எங்கள் அணியில் ஏழு பேர் கரைக்காரப் பிள்ளைகள், அவர்கள் அப்போதே பாதி தூரம் போய்விட்டார்கள். எல்லாருக்கும் முன்னால், மைதானத்தின் கடைசி முனையிலிருந்து கிளம்பி, கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடியது நங்கூரம்.

நான் பின்னாலேயே ஓடினேன். "அண்ணே, இழுக்காதீங்கண்ணே. வலை வந்தா பந்தும் வந்துருமே" என்று கத்தினேன்.

"தெரியும்லே. கயிறு கூப்புட்டா நிக்க ஏலாது. புடி" என்றார்.

பிடித்தேன். டிரில் மாஸ்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டே பிடித்தார். நகரத்துப் பையன்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். பந்து வந்தால்தான் தங்களுக்கு வாழ்வு என்று தெரிந்ததும் அவர்களும் பிடித்தார்கள். அரை மணி நேரம் இழுத்தோம். எங்கள் ஆட்கள் பாட்டுக்கு அடி வைத்து, உடம்பைச் சாய்த்து இழுத்தார்கள். நகரத்துப் பையன்கள் பூட்ஸோடு மணலில் புதைந்து, வெறும் கையால் இழுத்தார்கள்.

மீன் சேரும் பையான மடி கரையேறியது. சாளை மீன் குவியலின் உச்சியில், எங்கள் பந்து நனைந்து ஊறிக் கிடந்தது.

வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி அதைக் காலால் உருட்டிப் பார்த்தார். "வலைக்குள்ள வந்தது வலைக்காரனுக்கு. எம் பேரனுக்கு ஆகும்" என்று எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். டிரில் மாஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சம்மாட்டி பார்த்த பார்வையில் விசிலைத் திரும்ப வாயில் செருகிக்கொண்டார்.

எனக்கு உயிர் வந்தது. பந்து போய்விட்டது. ஜெயித்துவிட்டோம். பலகை பிழைத்தது. ஆண்டவன் சம்மாட்டி உருவத்தில் வந்திருக்கிறான் என்று நான் கையெடுத்துக் கும்பிடாத குறை. அப்போது பார்த்து நங்கூரம் முன்னால் போனார்.

"சம்மாட்டி, கயிறு புடிச்சவனுக்குப் பங்கு உண்டுல்ல?"

"உண்டு. ஒம் பங்கு மீன எடுத்துக்க."

"மீனு வேணாம். எம் பங்குக்கு அந்தப் பந்தக் குடுங்க."

நான் அவர் கைலியைப் பிடித்து இழுத்தேன். "அண்ணே, ஒங்களுக்குப் பைத்தியமா? பலகைய நெனச்சுப் பாருங்கண்ணே."

நங்கூரம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. பலகையை அவர் மறக்கவில்லை.

"அங்கன பாரு" என்றார். நகரத்துப் பையன்கள் உள்ளங்கை தோலுரிந்து, மணலில் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தார்கள். "அவனுவளும் கயிறு புடிச்சானுவ. பந்து வரும்னு நம்பித்தான் புடிச்சானுவ. கயிறு புடிச்சவன வெறுங்கையோட அனுப்ப ஏலாதுலே."

சம்மாட்டி பந்தைக் கொடுத்தார்.

பத்து நிமிட ஆட்டம் திரும்பத் தொடங்கியது. எட்டாவது நிமிடத்தில் நான் பந்தைக் கையால் தடுத்தேன். பழக்க தோஷம், கயிறு பிடித்த கை. பெனால்டி. நங்கூரம் என்னைத் திட்டவில்லை. குனிந்து மண்ணை எடுத்தார், பிறகு விடாமல் அப்படியே கீழே போட்டுவிட்டார். தண்ணீர் குடித்த பந்துக்குக் காற்று ஒரு பொருட்டா?

அவர்களுடைய கேப்டன் ஓடி வந்து உதைத்தான். பாவம், காலில் என்ன இருந்தது? அரை மணி நேரம் கரைவலை இழுத்த கால், கயிற்றை விட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. கல்லாய்க் கனத்த பந்து, எதிர்க்காற்று வேறு. பந்து தவழ்ந்து வந்தது. வந்தது, வந்தது, கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் மணலில் உட்கார்ந்துவிட்டது. அந்தக் கேப்டனும் உட்கார்ந்துவிட்டான். நங்கூரம் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து, தூங்குகிற பிள்ளையை எடுப்பதுபோல் எடுத்துக்கொண்டார்.

ஒன்றுக்குப் பூஜ்யம். நகரத்துப் பையன்கள் போகும்போது வேனில் ஆளுக்கு ஒரு கோர்வை மீன் தொங்கியது. பங்கு.

பலகையில் ஒரு வரி எழுதினார்கள். பெயின்டர் பக்கத்தில் நங்கூரம் நாள் முழுக்க நின்று, ஈ உட்காராமல் விசிறினார். அந்த மார்ச்சில் ஆங்கிலம் இரண்டாம் தாளில் மூன்று மணி நேரமும் உட்கார்ந்து, கூடுதல் தாள் வாங்கி எழுதினார். முடிவு வந்த அன்று பட்டியல் முன்னால் நாங்கள் பத்துப் பேர் நின்றோம். அவர் பெயர் அதில் இருந்திருக்கும். எது என்று எங்களுக்குத் தெரியவில்லை. விடுதிக்கு வந்து பார்த்தால் அவருடைய டிரங்குப் பெட்டி இல்லை. வாப்பாவோடு வள்ளத்தில் போய்விட்டாராம்.

அடுத்த வருடம் கோலில் நிற்க ஆள் இல்லை என்று என்னை நிறுத்தினார்கள். "நீயா நிப்ப?" என்று அவர் கேட்டது காதில் கேட்டது. எனக்குக் காற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது. இருந்தும், விசில் ஊதுமுன் குனிந்து ஒரு பிடி மண் எடுத்து, தோள் உயரத்துக்குத் தூக்கி விட்டேன். காற்றுப் பக்கம் பார்த்து நிற்கக் கூடாது என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. மண்ணெல்லாம் என் முகத்திலேயே விழுந்தது. அன்று நான் கண்ணைத் துடைத்துக்கொண்டதற்கு அதுதான் காரணம் என்று எல்லாரிடமும் சொன்னேன்.