புயலக்காவும் சூரியன் செய்த காரியமும்

பயத்துக்கு ஒரு போட்டி வைத்தால் புயலக்காதான் ஜெயிப்பாள். ஆனால் பரிசு வாங்க மேடையேறப் பயந்து ஓடிவிடுவாள். அஸ்தம்பட்டியில் நாங்கள் தங்கியிருந்த பெண்கள் விடுதியில் குக்கர் மூன்றாவது விசில் அடித்தால் அவள் வாசலில் நிற்பாள். ஏற்காடு ரோட்டைக் கடக்க, பள்ளிக்கூடம் விடும்வரை காத்திருந்து பிள்ளைகளோடு பிள்ளையாகப் போவாள்.

இப்பேர்ப்பட்டவள் ஆராய்ச்சிக்கு எதை எடுத்திருந்தாள் தெரியுமா? சூரியனைவிடப் பல மடங்கு பெரிய, கொதிக்கிற நட்சத்திரங்களையும் அவற்றிலிருந்து வீசும் காற்றையும். அதனால்தான் அவளுக்கு அந்தப் பெயரை வைத்தோம்.

"ரெண்டு லாரி மோதுனா பொறி பறக்குமில்லீங்க?" என்று ஒருநாள் தோசைக்கு நடுவே விளக்கினாள். "அந்த மாதிரி ஜோடி நட்சத்திரத்தோட காத்து ரெண்டும் மோதுனா எக்ஸ்ரே கெளம்புங்க. நம்ம வானம் அதைக் கீழ உடாது. விண்வெளியில சுத்துற தொலைநோக்கிலதான் பாக்கோணுங்க."

"மோதறதுக்கு இன்சூரன்ஸ் போட்டிருக்குதா சாமி?" என்றார் விடுதியை நடத்திய சரோஜாம்மா. ராசிபுரத்துக்காரர், சமையலும் அவரே.

அவளுடைய ஜோடி நட்சத்திரங்கள் சில வருஷங்களுக்கு ஒரு முறைதான் மிக நெருங்கி வரும். அந்த வாரம் நெருங்கின. தொலைநோக்கிக்காரர்களும் அந்த வாரத்தில் ஒருநாள் அவளுக்காகப் பார்க்க ஒப்புக்கொண்டிருந்தார்கள். நல்லபடியாக முடிந்தால் முனியப்பனுக்கு மேச்சேரிக் கிடா வெட்டுவதாகச் சரோஜாம்மா வேண்டிக்கொள்ளப் போனார். "ஐயோ, கெடா பாவங்க! தேங்காயோட நிறுத்திக்குங்க" என்று புயலக்கா அதற்கும் பயந்தாள்.

அந்த நாளும் வந்தது. காலையில் முகம் வெளுத்து இறங்கி வந்தவள், "சூரியன் வெடிச்சிருக்குங்க" என்றாள்.

சரோஜாம்மா அடுப்பை அணைத்தார். நான் கையிலிருந்த இட்லியைத் தட்டில் போட்டேன். "நம்ம கதி?" என்றேன்.

"நமக்கு ஒண்ணும் ஆகாதுங்க. அதுலருந்து கெளம்புன துகளெல்லாம் தொலைநோக்கியப் பொசுக்கிருங்க. அதான் கண்ணை மூடி வெச்சுட்டாங்க."

எங்களுக்கு உயிர் வந்தது. அவளுக்குப் போய்க்கொண்டிருந்தது. உதவித்தொகை அந்த வருஷத்தோடு முடிகிறது. இன்னொரு முறை நட்சத்திரங்கள் நெருங்கும்வரை யார் சோறு போடுவார்கள்? "இது போச்சுன்னா ஆராய்ச்சியே போச்சுங்க. எங்க ஊரு மோகனூருக்கு மூட்டை கட்டோணும்" என்றாள். சாப்பிடாமலே மேலே போனாள்.

அன்று முழுக்க விடுதியே திகிலில் கிடந்தது. நான் வேலை பார்த்த ஜவுளிக் கம்பெனியில் ஜன்னலோரம் போய்ப் போய்ப் பார்த்தேன். சூரியன் ஒன்றுமே தெரியாத பாவனையில் காய்ந்துகொண்டிருந்தது. அவ்வளவு கோபம் எனக்கு யார்மேலும் வந்ததில்லை.

சூரியன் அடங்கியதும் மறுபடி திறந்தார்களாம். சில நாளில் தொலைநோக்கி பார்த்தவரைக்குமான பதிவு வந்து சேர்ந்தது. அவள் கண்ணைப் பொத்திக்கொண்டு, "நீங்க தொறங்க" என்றாள். தைரியசாலி என்று பெயரெடுத்த நானும் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் திறந்தேன். திரையில் புள்ளிகள் மேலே ஏறின. பிறகு வெறுமை. அதன்பிறகு திரையின் கீழோரமாகச் சில புள்ளிகள்.

"நடுவுல ஒண்ணுமே இல்லையே" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவள் விரலிடுக்கு வழியாகப் பார்த்தாள். கையை எடுத்தாள். "நடுவுலதாங்க மூடி வெச்சிருந்தாங்க. ஆனா எக்ஸ்ரே ஏறுனதும் இருக்குது, உழுந்ததும் இருக்குது. இதை வெச்சு எழுதிரலாங்க. எழுதிரலாந்தானுங்க?"

என்னைப் போய்க் கேட்டாள். நானும் பெரிய விஞ்ஞானிபோல, "எழுது சாமி" என்றேன்.

எழுதினாள். பட்டமும் வாங்கினாள். இப்போது எங்கோ தூரதேசத்தில் இருக்கிறாள். விமானம் ஏறப் பயம், மேடையில் பேசப் பயம், பனியில் வழுக்கப் பயம் என்று அநேகமாக வாராவாரம் எனக்குப் போன் செய்து நடுங்குகிறாள். போன் வராத வாரம்தான் எனக்குக் கை கால் ஓடுவதில்லை.