நாற்பத்தொரு குறிப்புகளும் ஒரு 'யா'வும்

யப்பானுக்கு நான் ஒரு தடவையும் போனதில்லை. ஆனாலும் யப்பானியரைப் பற்றி நாற்பத்தொரு விடயங்கள் எனக்குத் தெரியும். அவற்றில் நாற்பது ஒருவருக்கும் கெடுதல் செய்யவில்லை. மிச்சம் ஒன்றை வைத்து ஒரு மனிதனின் மூன்று வருடங்களை வீணாக்கினேன். எங்கள் வீட்டில் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், மற்றவர்களைவிட ஒரு விநாடி பிந்தி.

எண்பத்தாறாம் ஆண்டு. ஜெர்மனியில் டுசில்டோர்ப் நகரத்துக்கு வெளியே ஓர் அகதிகள் விடுதி. (நாங்கள் 'ஹைம்' என்போம். டொச், அதாவது ஜெர்மன் மொழியில் அதற்கு வீடு என்றும் ஒரு பொருள் உண்டாம். கட்டினவர்களுக்கு அது தெரியாது போலும்.) ஓர் அறையில் ஆறு கட்டில், நாலு அலுமாரி, ஒரு யன்னல். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. யாழ்ப்பாணம் கச்சேரியில், அதுதான் அரசாங்க அலுவலகத்தில், பதின்மூன்று வருடம் கிளாக்கராக இருந்தவன் என்றபடியால் எல்லோருக்கும் நான் 'கிளாக்கர் அண்ணை'. கடிதம் வாசிப்பது, படிவம் நிரப்புவது, டொக்டரிடம் போய் மற்றவர்களின் வயிற்றுவலியை எடுத்துச் சொல்வது எல்லாம் என் வேலை. டொச் ஆறு மாதம் படித்திருந்தேன். ஆறு வருடம் படித்தவன்போல நடந்துகொண்டேன்.

எனக்குப் பக்கத்துக் கட்டில் மரியதாஸ். பாசையூர்க் கடலில் வளர்ந்தவன், இருபத்தொன்பது வயது. மனைவி றெஜினாவும் மூன்று வயது மகள் ஸ்டெல்லாவும் நீர்கொழும்பில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் ஒதுங்கியிருந்தார்கள். அவர்களின் படத்தை அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருந்தான். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்தக் கதவைத் திறக்கிறான் என்று எண்ணத் தொடங்கி, பதினாறில் விட்டுவிட்டேன். வேலை கிடைத்தால் ஓர் அறை எடுக்கலாம், அறை இருந்தால் அவர்களை அழைக்கும் வழியைப் பார்க்கலாம். அவனுடைய திட்டம் இவ்வளவுதான். வேலை அனுமதி தரும் கந்தோர் ஒரு படிவம் தந்திருந்தது. முதலாளி ஒருவர் கையெழுத்து வைத்தால் அனுமதி கிடைக்கும்.

ஹைமுக்கு வந்து உதவி செய்யும் தேவாலயத்துப் பெண்மணி ஒருவர் அவனை ஒருநாள் ஸ்டேசனடியில் இருந்த ஒரு யப்பானிய உணவகத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே மீன் துப்புரவாக்க ஆள் தேடினார்கள். முதலாளி ஒரு கானாங்கெழுத்தி மீனையும் கத்தியையும் கையில் கொடுத்தாராம். மரியதாஸ் மீனைப் பிரித்து வைத்ததும், முள்ளை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாராம். ஒரு பொட்டுச் சதை அதில் இல்லை. அதற்கு முதல் மூன்று பேரை வைத்துப் பார்த்து அனுப்பினவர். "செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குப் படிவத்தோடு வாருங்கள், பேசத் தெரிந்த ஒருவரையும் கூட்டி வாருங்கள்" என்று அந்தப் பெண்மணியிடம் சொல்லியனுப்பினார்.

பேசத் தெரிந்த அந்த ஒருவர் நான்தான். வேறு யாராவது போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே வந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் சந்தையில் எனக்கு ஓர் ஆங்கிலப் புத்தகம் அகப்பட்டது. அட்டை இல்லை, தொண்ணூற்றாறு பக்கம். யப்பானுக்குப் போகும் பயணிகள் தெரிந்திருக்கவேண்டிய பழக்கவழக்கங்கள், இலக்கமிட்டு நாற்பத்தொரு குறிப்புகள். இலக்கம் போட்ட எதையும் நான் நம்பிவிடுவேன். (கச்சேரியில் பிடித்த வியாதி.) இரண்டு இரவில் பாடமாக்கிவிட்டு, மரியதாசுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினேன்.

முதலாம் குறிப்பு, குனிந்து வணங்குவது. முப்பது பாகை குனியவேண்டும். அலுமாரிக் கதவை ஓர் அளவுக்குத் திறந்து, அதற்குச் சமமாகக் குனி என்றேன். அறையில் இருந்த குணம் என்பவன் கட்டிலில் படுத்தபடியே கேட்டான், "கிளாக்கர் அண்ணை, அவனுக்கு இடுப்புப் பிடிச்சால் மீனை நீங்களோ வெட்டப்போறியள்?"

மரியதாஸ் மட்டும் மரியாதையாகச் சொன்னான்.

"அண்ணை, அந்தாள் என்ரை கையைப் பாத்திட்டுது. இனி ஏன் முதுகைப் பாக்கப்போகுது?"

இதைவிடத் தெளிவான ஒரு பேச்சை நான் அந்த வருடம் முழுவதும் கேட்கவில்லை. ஆனாலும் குனிய வைத்தேன். நாற்பது தடவை.

முப்பத்தேழாவது குறிப்புத்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு யப்பானியர் பெறுமதியான ஒன்றை உங்களுக்குத் தர முன்வந்தால் உடனே ஏற்கவேண்டாம், அது பேராசை. இரண்டு முறை பணிவாக மறுங்கள், மூன்றாம் முறை கேட்கும்போது ஏற்றுக்கொள்ளுங்கள். வாசித்தபோது கண் கலங்கிவிட்டது. நாங்களும் அப்படித்தானே. ஒரு வீட்டுக்குப் போனால் தேத்தண்ணிக்கு முதலில் "வேண்டாம்", பிறகு "இப்பதான் குடிச்சிட்டு வாறம்", மூன்றாந்தரம் கேட்டதும் இரண்டு கோப்பை. எங்கள் ஆட்களேதான் என்று தீர்மானித்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை குணத்தின் கழுத்துப்பட்டியை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டேன். யப்பானியர் பெயரட்டை பரிமாறுவார்கள் என்பதால் பிஸ்கற் பெட்டியை வெட்டி எனக்கு ஓர் அட்டை செய்தேன். முன்பக்கத்தில் என் பெயரும் பழைய பதவியும், பின்பக்கத்தில் அரைவாசிப் பிஸ்கற்றின் படமும் இருந்தன.

உணவக வாசலில் சப்பாத்தைக் கழற்றச் சொன்னேன், நாலாவது குறிப்பு. இரண்டு பேரும் காலுறையோடு உள்ளே போனோம். என் பெருவிரல் காலுறைக்கு வெளியே நின்றது. முதலாளிக்கு ஐம்பது வயதிருக்கும். தோல் சப்பாத்துப் போட்டிருந்தார். "தரை குளிர், போட்டுக்கொள்ளுங்கள்" என்றார். பணிவுக்குச் சொல்கிறார் என்று நினைத்துப் போடவில்லை. நான் முப்பது பாகை குனிந்த அதே நேரம் அவர் கை குலுக்கக் கையை நீட்டினார். என் நெற்றி அவர் விரல்களில் போய் இடித்தது. பெயரட்டையை இரண்டு கையாலும் நீட்டினேன். ஒரு கையால் வாங்கிப் பையில் போட்டார். இரண்டு கையாலும் வாங்கி, நின்று வாசிக்கவேண்டும், ஒன்பதாவது குறிப்பு. சுற்றிக் கொண்டுபோன தேயிலைப் பெட்டியை எங்கள் முன்னாலேயே கிழித்துத் திறந்து "ஆ, சிலோன்" என்றார். தந்தவர் முன்னால் திறக்கவே கூடாது, பன்னிரண்டாவது குறிப்பு. பிறகு நூடில்ஸ் வந்தது. சத்தமாக உறிஞ்சினால்தான் சமைத்தவருக்கு மரியாதை என்பதால் உயிரைக் கொடுத்து உறிஞ்சினேன். குணத்தின் கழுத்துப்பட்டி நனைந்தது. முதலாளி சத்தமே இல்லாமல் சாப்பிட்டார்.

மனதுக்குள் புள்ளி போட்டுப் பார்த்தேன். ஐந்துக்குப் பூச்சியம். சொந்த நாட்டுப் பழக்கம் தெரியாத மனிதராக இருக்கிறாரே என்று அவருக்காகக் கவலைப்பட்டேன். பதினெட்டு வருடமாக ஜெர்மனியில் இருக்கிறேன் என்று அவர் அதற்கு ஐந்து நிமிடம் முதல்தான் சொல்லியிருந்தார். அது காதில் விழுந்தது, மூளைக்குப் போகவில்லை.

முதலாளி படிவத்தை மேசையில் விரித்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார். மரியதாசைப் பார்த்து, "திங்கட்கிழமை தொடங்கலாமா?" என்றார்.

மரியதாசுக்கு டொச்சில் மூன்று சொற்கள் தெரியும். அவற்றில் 'ஆம்' என்பதற்கான சரியான சொல்லை எடுத்துச் சரியான நேரத்தில் சொன்னான்.

"யா."

மேசைக்குக் கீழே அவன் காலை மிதித்தேன். நன்றாகவே மிதித்தேன். பிறகு முதலாளியிடம், என் நண்பர் இந்த வேலைக்குத் தனக்குத் தகுதியில்லை என்று நினைக்கிறார் என்றேன்.

முதலாளி என்னைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்து, "உண்மையாகவா? அவருக்கு இந்த வேலை வேண்டாமா?" என்று கேட்டார்.

"நைன், வேண்டாம். மிகவும் நன்றி" என்றேன்.

இரண்டு முடிந்தது. இனி மூன்றாவது. மனதுக்குள் எண்ணிக்கொண்டு காத்திருந்தேன். பத்தொன்பது வரை எண்ணினேன். இருபதில் அவர் பேனாவை மூடினார். படிவத்தை மடித்து உறைக்குள் வைத்து, எழுந்து நின்று, எங்களிடம் திருப்பித் தந்தார். இரண்டு கைகளாலும் தந்தார். அன்று புத்தகத்தின்படி அவர் செய்தது அது ஒன்றுதான்.

வெளியே வந்ததும் மரியதாஸ் கேட்டான், "என்னண்ணை, கையெழுத்து வைக்கேல்லையே?"

"வைப்பார். பண்பான மனுசன். இன்னும் ஒருக்காக் கேப்பார்."

"எப்ப?"

ட்ராம் தரிப்புக்கு இருநூற்றுப் பன்னிரண்டு அடி. நூறாவது அடிக்குக் கிட்ட அவன் நின்றுவிட்டான்.

"திரும்பிப் போய்க் கேப்பமே, அண்ணை? யா எண்டு நானே சொல்லுறன். அது எனக்குத் தெரியும்."

அப்போதுகூடத் திருத்தியிருக்கலாம். நூறு அடி திரும்பி நடப்பதுதான் வேலை. நான் சொன்னது இதுதான்: "ஏலாது. நாங்களாப் போய்க் கேட்டால் மரியாதை இல்லை."

ஒன்பது நாள் ஹைம் தொலைபேசிக்குப் பக்கத்தில் அவன் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தான். பத்தாம் நாள் தேவாலயத்துப் பெண்மணி கோபமாக வந்தார். இவ்வளவு பாடுபட்டுத் தேடித்தந்த வேலையை ஏன் வேண்டாம் என்றீர்கள், இப்போது வேறு ஆள் எடுத்துவிட்டார்கள் என்றார். இதை மரியதாசுக்கு மொழிபெயர்க்க வேண்டியவனும் நான்தான். ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். அவன் என்னை ஏசவில்லை. முகம் கழுவிவிட்டு வாறன் என்று போனான். இருபது நிமிடம் கழுவினான்.

இரண்டு மாதத்தில் அவனை வேறொரு ஊர் ஹைமுக்கு மாற்றினார்கள். அங்கே அனுமதி, வேலை, அறை என்று ஒவ்வொன்றாக வந்து சேர மூன்று வருடம் எடுத்தது. றெஜினாவும் பிள்ளையும் வந்து இறங்கியபோது ஸ்டெல்லாவுக்கு ஆறு வயது. தாயின் சீலைக்குப் பின்னால் ஒளித்து நின்று தகப்பனை "மாமா" என்று கூப்பிட்டாளாம். குணம்தான் எனக்குத் தொலைபேசியில் சொன்னான். அன்று நான் சாப்பிடவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை.

வேலை கைவிட்டுப்போன அடுத்த வசந்தத்தில் அந்த முதலாளியைச் சந்தையில் மீன் கடை வரிசையில் கண்டேன். அவரே என்னை அடையாளம் கண்டு, உங்கள் நண்பர் எப்படி என்று விசாரித்தார். புத்தகத்தையும் முப்பத்தேழாவது குறிப்பையும் எல்லாம் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டுச் சொன்னார்.

"நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் மாதம் என் முதலாளி வீட்டில் உருளைக்கிழங்குச் சலாது தந்தார்கள். இரண்டு முறை வேண்டாம் என்றேன். மூன்றாவது முறை ஒருவரும் கேட்கவில்லை. பசியோடு வீட்டுக்குப் போனேன். அன்றிலிருந்து, இங்கே ஒருவர் நைன் என்றால் நைன் என்று எடுத்துக்கொள்வேன்."

வரிசையில் ஓர் அடி முன்னால் நகர்ந்துவிட்டு இதையும் சொன்னார்.

"உங்கள் நண்பர் யா என்றது எனக்குக் கேட்டது. ஆனால் கழுத்துப்பட்டி கட்டியிருந்தவர் நீங்கள்."

பிறகு அத்தனை சனத்துக்கும் நடுவில் எனக்கு முன்னால் குனிந்தார். முப்பது பாகைக்கு மேல் இருக்கும். திருப்பிக் குனியவேண்டும் என்பது முதலாம் குறிப்பு. எனக்கு மறந்துபோய்விட்டது.

இப்போது எங்கள் வீட்டில் யாரிடமும் எதையும் இரண்டாந்தரம் கேட்கும் வழக்கம் இல்லை. தேத்தண்ணி வேண்டாம் என்று நான் சொன்னால் என் மனைவி கேத்திலை அடுப்பிலிருந்து இறக்கிவிடுவார். "இது யப்பான் இல்லை, கிளாக்கர்" என்று வேறு சொல்வார். பேரப்பிள்ளைகளுக்கும் அந்த வசனம் பாடம்.

மரியதாஸ் என்னோடு கோபிக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாதது. ஸ்டெல்லாவின் கலியாணத்துக்குச் சொல்லத் தகப்பனும் மகளும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மேசையைச் சுற்றி இருந்தோம். அவள் அழைப்பிதழை நீட்டி, "கிளாக்கர் மாமா, கட்டாயம் வருவியள்தானே?" என்று கேட்டாள். நான் வாய் திறக்குமுன் மேசைக்குக் கீழே மரியதாசின் கால் என் காலை மிதித்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

"யா" என்றேன்.

"இதைத்தான் அண்ணை நான் அண்டைக்குச் சொன்னனான்" என்றான் அவன்.

அதற்குப் பிறகும் எங்கே சந்தித்தாலும், யாராவது என்னிடம் எதையாவது கேட்டால், அவன் கால் வந்துவிடும். இன்றுவரை பதினேழு தடவை மிதித்திருக்கிறான். ஒரு தடவையும் நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை. மூன்று வருடத்துக்குப் பதினேழு மிதி, எந்தக் கணக்கில் பார்த்தாலும் குறைவு.