திருவாளர் லிஃப்டின் பூர்வீகம்

மனித குலம் துப்பத் தொடங்கி எத்தனையோ யுகங்கள் ஆகிவிட்டன. துப்பியதற்காக அபராதம் கட்டிய தலைமுறைகள் உண்டு. அடி வாங்கிய தலைமுறைகளும் உண்டு. ஆனால் முன்பணம் கட்டித் துப்பி, துப்பியதைப் பத்திரமாக மூடி, பார்சலில் அனுப்பிவிட்டு, "நான் யார்?" என்று பதிலுக்குக் காத்திருக்கும் பேறு நம் தலைமுறைக்குத்தான் வாய்த்தது. முனிவர்கள் காட்டில் உட்கார்ந்து கேட்ட கேள்விக்கு இப்போது ஒரு சின்னக் குழாயும் கொஞ்சம் எச்சிலும் போதும்.

அந்த ஐந்து மாடிக் குடியிருப்பில் இந்த மெய்ஞ்ஞானத்தை முதலில் அடைந்தவர் சங்கச் செயலாளர். தரை ஓடு விற்கும் கம்பெனி ஒன்றில் மேலாளர். வாளியில் தண்ணீர் நிரம்பி வழிந்தாலே தலை சுற்றுகிற மனிதர். அவருடைய மூதாதையர் 'நாற்பத்தோரு சதவீதம் கடலோடிகள்' என்று எச்சிலை ஆராய்ந்து பூர்வீகம் சொல்லும் நிறுவனம் தங்க எழுத்தில் எழுதி அனுப்பியது. அன்றிலிருந்து அவர் பால்கனியில் நின்று, நெற்றியில் கை வைத்து, எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தொடுவானம் போலப் பார்க்கத் தொடங்கினார். குடியிருப்பில் அவருக்கு 'மாலுமி' என்று பெயர் விழுந்தது. அவர் அதைப் பட்டம் என்றே எடுத்துக்கொண்டார்.

"கடலோடி வம்சம்னா அந்தத் தண்ணி மோட்டாரைக் கொஞ்சம் எறங்கிப் பாருங்களேன். ரெண்டு நாளா ஓடல" என்றார் மனைவி.

தம்பியையும் விடாமல் துப்ப வைத்தார் மாலுமி. தம்பிக்கு முப்பத்தெட்டு சதவீதம்தான் வந்தது. அதற்குப் பிறகு தம்பியிடம் போனில் பேசும்போதெல்லாம் மாலுமியின் குரலில் ஓர் இரக்கம் இருந்தது.

இப்படி வம்சப் பெருமை பொங்கிக்கொண்டிருந்த வேளையில்தான் லிஃப்டில் யாரோ துப்பினார்கள்.

ஒரு நாள் அல்ல, தினமும் காலையில், ஒரே மூலையில். லேசான நீல நிறம். நல்ல புதினா வாசனை. "துப்பினவன் வாய் சுத்தமா வெச்சிருக்கான்" என்று பாராட்டினார் சங்கப் பொருளாளரான பல் டாக்டர். மாலுமிக்கு அந்தப் பாராட்டு பிடிக்கவில்லை. வண்டி நிறுத்தும் தளத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு அவசரக் கூட்டம் கூட்டினார்.

"ஒரு கேமரா மாட்டிடலாமே?" என்றார் டாக்டர்.

"கேமரா ஆளைத்தான் காட்டும், டாக்டர். எச்சில் பரம்பரையையே காட்டும்."

மாலுமி தொடர்ந்தார்: "எல்லாரும் ஆளுக்கு ஒரு குழாய் துப்பிக் குடுங்க. அவங்கவங்க ரத்தம் என்னன்னு தெரிஞ்சுட்டா, துப்புற ரத்தம் எதுன்னு தானா தெரிஞ்சுடும்."

சொந்த வீட்டுக்காரர்கள் தலையாட்டினார்கள். மூன்றாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த பஸ் கண்டக்டர் மட்டும் எழுந்து நின்றார். மனைவிக்கு நிறைமாதம், வேறு வீடு தேடி அலையும் நேரமில்லை. இருந்தும் எழுந்து நின்றார்.

"என் எச்சில நான் தரமாட்டேன் சார்."

"தப்பு பண்ணாதவருக்கு எச்சில்ல என்னங்க கஞ்சத்தனம்?"

"அதுல நான் மட்டும் இல்ல சார். எங்கப்பா அம்மா இருக்காங்க, எங்க அக்கா இருக்கு, அக்கா பசங்க இருக்காங்க, இன்னும் பொறக்காத என் புள்ள இருக்கு. அவங்ககிட்டல்லாம் கேக்காம நான் எப்படித் துப்புறது?"

"இவ்வளவு கூட்டத்த வாய்ல வெச்சிருந்தா லிஃப்டுல வழியத்தான் செய்யும்" என்றார் மாலுமி. நாற்காலிகள் குலுங்கிச் சிரித்தன.

"சார், 'பஸ்ஸுக்குள்ள துப்பாதீங்க'ன்னு நாள் முழுக்கக் கத்தித் தொண்டை கட்டினவன் நான். நானா துப்புவேன்?"

"நாள் பூரா அலையுற தொழில் உங்களுது. அது நாடோடி ரத்தம். உங்களக் குத்தம் சொல்லல, ரத்தத்தத்தான் சொல்றேன்."

எச்சில் தர மறுத்தது 'பாதி ஒப்புதல் வாக்குமூலம்' என்று பதிவாயிற்று. மீதிப் பாதிக்கு, லிஃப்டின் எச்சிலையே நேரடியாகப் பரிசோதனைக்கு அனுப்புவது என்றும், அதில் 'நாடோடி ரத்தம்' தென்பட்டால் கண்டக்டர் அந்த மாதமே வீட்டைக் காலி செய்வது என்றும் தீர்மானம் நிறைவேறியது. அறிவியலுக்கு அன்று கிடைத்த கைதட்டல் அதன் வரலாற்றிலேயே அதுவரை கிடைத்ததில்லை.

மறுநாள் காலை மாலுமி வீட்டுச் சமையலறையின் மிகச் சிறிய கரண்டி நாட்டுக்காக உயிர்நீத்தது. வழித்தெடுத்த மாதிரியைக் குழாயில் அடைத்து, வாடிக்கையாளர் பெயர் என்ற இடத்தில் 'லிஃப்ட்' என்று எழுதினார். 'இது என் சொந்த எச்சில். முழுச் சம்மதத்தோடு தருகிறேன்' என்ற கட்டத்தில், லிஃப்டின் சார்பில் அவரே டிக் அடித்தார். லிஃப்ட் மறுப்பேதும் சொல்லவில்லை.

முடிவு வந்ததும் அதைத் தனியாகத் திறந்து பார்ப்பது அநாகரிகம் என்று மாலுமி கருதினார். வெளிப்படைத்தன்மை வேண்டுமே! கூட்டத்துக்கு நடுவில் பெரிய டிவியை நிறுத்தி, எல்லார் கண் முன்னாலும் திறந்தார். கண்டக்டர் கடைசி வரிசையில் கைகட்டி நின்றார். அவர் வீட்டுக் கூடத்தில் அட்டைப்பெட்டிகள் தயாராக இருந்தன.

'அன்புள்ள திருவாளர் லிஃப்ட் அவர்களே, வாழ்த்துகள்! உங்கள் நரம்புகளில் கடல் ஓடுகிறது!'

மாலுமியின் நெஞ்சு தானாக நிமிர்ந்தது. "பாத்தீங்களா, எங்க ஆளு!" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

'கடலோடிகள்: இருபத்திரண்டு சதவீதம். மேலும் ஓர் இன்ப அதிர்ச்சி! உங்கள் தந்தையும் எங்கள் வாடிக்கையாளரே! அவருக்கு ஒரு வணக்கம் சொல்லுங்களேன்!'

அதன் கீழே மாலுமியின் படம் இருந்தது. நெற்றியில் கை வைத்து, தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டு.

முதலில் பேசியவர் அவர் மனைவி.

"ஏங்க, எனக்குத் தெரியாம உங்களுக்கு லிஃப்டுன்னு ஒரு புள்ளையா?"

மாலுமியின் மூளையில் இரண்டு அவமானங்கள் தராசில் ஏறிக்கொண்டன. வெளியில் ஒரு பிள்ளை இருப்பதாக ஒப்புக்கொள்வதா, வீட்டுப் பிள்ளை துப்புகிறான் என்று ஒப்புக்கொள்வதா? செயலாளர் பதவிக்கு முதலாவதே குறைந்த சேதம் என்று ஒரு கணம் அவருக்குத் தோன்றியது. அதற்குள் இரண்டாம் வரிசையில், வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த அவருடைய ஒரே மகன் நாற்காலிக்கு அடியில் எதையோ தேடத் தொடங்கினான்.

பல் டாக்டருக்குச் சட்டென்று பொறி தட்டியது. "தம்பி, நான் எழுதிக் குடுத்த நீல மருந்தா?"

"அரை நிமிஷம் வாயில வெச்சுக் கொப்பளிக்கச் சொன்னீங்க அங்கிள். அஞ்சாவது மாடிலேர்ந்து கீழ வர கரெக்டா அரை நிமிஷம். ஆஃபீசுக்கு லேட்டாகுதேன்னு..."

மாலுமி தொண்டையைச் செருமினார். தலைவர்கள் நெருக்கடியில்தான் உருவாகிறார்கள்.

"ஒருத்தர் எச்சில அவர் அனுமதி இல்லாம பரிசோதிக்கிறது," என்றார், "மனித கண்ணியத்துக்கு எதிரான செயல். யார் பண்ணாங்கன்னு கேட்டுப் புண்படுத்த வேணாம். இனிமே இந்தக் கட்டடத்துல எச்சில் அவரவர் சொந்தம்!"

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கண்டக்டர் மேலே போய் அட்டைப்பெட்டிகளைப் பிரித்தார். மகன் ஒரு பழைய பனியனால் லிஃப்டைத் துடைத்தான்; ஒரே துடைப்பில் கறை போய்விட்டது.

விஷயம் போகவில்லை. அன்றிரவே தம்பி போன் செய்தார்.

"அண்ணே, உனக்கு லிஃப்டுன்னு ஒரு மகன் இருக்கானாமே? என்னைச் சித்தப்பான்னு சொல்லி மெயில் வந்திருக்கு. சந்தோஷம். சொத்துல பங்கு கேப்பானா?"

அடுத்த வாரம் இன்சூரன்ஸ்காரர்கள் எழுதினார்கள். நிறுவனம் தன் 'நம்பகமான பங்காளிகளுடன்' பகிர்ந்த தகவலின்படி, இந்த வம்சத்துக்கு ஈறு பலவீனம். ஆகவே குடும்பம் முழுவதற்கும் பிரீமியம் கூடுகிறது.

"பங்காளின்னாலே வில்லங்கம்தானே" என்றார் மனைவி. "மல்லாந்து துப்பினா நம்ம மார்லதான் விழும்னு சொல்வாங்க. நீங்க என்னடான்னா குடும்பத்தையே வரிசையாப் படுக்க வெச்சுல்ல துப்பியிருக்கீங்க!"

லிஃப்டின் தகவலை அழித்துவிடும்படி மாலுமி நிறுவனத்துக்கு எழுதினார். மிக மரியாதையான பதில் வந்தது. வாடிக்கையாளரின் அந்தரங்கம் எங்கள் உயிர்மூச்சு. ஆகையால் லிஃப்ட் அவர்களின் தகவலை வேறு யார் கேட்டும் அழிக்க இயலாது. அவரே புதிதாகத் துப்பி அனுப்பித் தன்னை நிரூபிக்க வேண்டும்.

மறுநாள் காலை லிஃப்டுக்குள் தந்தையும் மகனும் நின்றார்கள். தந்தை கையில் புதிய கரண்டி. மகன் வாய் நிறைய நீல மருந்து.

"அதே மூலைல துப்புடா" என்று கெஞ்சினார் மாலுமி. "குறி தவறி வேற எடத்துல பட்டா, அது வேற ஆளுன்னுடுவாங்க."

மூன்றாம் மாடியில் கதவு திறந்தது. தோளில் தோல் பையோடு கண்டக்டர் உள்ளே வந்தார். கரண்டியைப் பார்த்தார். உப்பிய கன்னத்தைப் பார்த்தார். கீழ்த்தளத்துக்கான பொத்தானை அழுத்தினார்.

"துப்பு தம்பி, கூச்சப்படாத. இத ஒரு பனியன்ல தொடச்சிடலாம். உங்கப்பா பார்சல்ல துப்பினாரு பாரு, அது உங்க சித்தப்பா வீடு வரைக்கும் வழிஞ்சு, பொறக்கப் போற உன் புள்ள மேலயும் பட்டிருக்கு. அதத் தொடைக்கத்தான் துணி கெடைக்கல."