காது மெஷின் அனுப்பியதற்கான அத்தாட்சி

மேட்டூரில் வாழும் மதிப்பிற்குரிய சம்பந்தி திரு. சென்னியப்பன் அவர்களின் சமூகத்திற்கு, பரமத்தி வேலூரிலிருந்து அப்புசாமி மிகுந்த மரியாதையுடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் சௌந்திரமும் சௌக்கியம். கொடிக்காலில் வெற்றிலையும் சௌக்கியம், விலை மட்டும் சீக்காகக் கிடக்கிறது. தங்களுடைய, சம்பந்தியம்மாளுடைய, மாப்பிள்ளை சபரிநாதனுடைய, எங்கள் மதுமதியுடைய சுகத்தையும் அறிய ஆவல்.

நிற்க. பேத்தியின் காதுகுத்து முடிந்து விருந்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது, தங்கள் காது மெஷினைத் தாங்கள் மறந்து வைத்துவிட்டுப் போனது தங்களுக்கே தெரியும். தலையணை உறைக்குள்ளிருந்து சௌந்திரம்தான் எடுத்தாள். இதைப் போனில் சொல்லலாம் என்றால், தங்களுக்குப் போன் கேட்பதற்கான சாமானே என் கையில் இருந்தது. சம்பந்தியம்மாளிடம் சொல்லலாம் என்றால், அந்தக் கொலுசு விஷயத்துக்கு அப்புறம் நான் வாயால் சொல்வது எதையும் அவர்கள் காதில் போட்டுக்கொள்வதில்லை. போன தீபாவளிக்குப் பேத்திக்கு வெள்ளிக் கொலுசு வாங்கி, தெரிஞ்ச பஸ் டிரைவர்தானேன்னு மேட்டூர் பஸ்ஸில் குடுத்தனுப்பினேனுங்க. கொலுசு எங்கே இறங்குச்சோ, இன்னிக்கு வரைக்கும் தகவல் இல்லை. "அனுப்பியிருந்தாத்தானே வாறதுக்கு"ன்னு சம்பந்தியம்மா ஒரே வார்த்தை சொன்னாங்களாம். அந்த ஒரு வார்த்தையை, உங்க ஊட்டுக்கு விருந்தாளி வந்தபோதெல்லாம் கேட்டுக் கேட்டு மதுமதி காபித் தண்ணியோட சேர்த்துக் குடிச்சுட்டு இருக்குதுங்க. அதனால இந்தத் தடவை, மெஷின் போய்ச் சேருதோ இல்லையோ, நான் அனுப்பினேங்கறதுக்கு அத்தாட்சி இருந்தே தீரோணும்னு முடிவு பண்ணிட்டேன்.

முதல்ல ஒரு கூரியர்காரர்கிட்டப் போனேனுங்க. "உள்ள என்னங்க?"ன்னாரு. காது மெஷின், விலை உசந்த சாமான்னேன். "அப்படியெல்லாம் எழுதாதீங்க, பேப்பர்னு போட்டுக்கலாம், சுலபமா முடியும்"ன்னாரு. "தொலைஞ்சு போனா?"ன்னு கேட்டேன். "பேப்பர் தொலைஞ்சதாத்தானுங்க கணக்கு"ன்னாரு. நாளைக்குச் சம்பந்தியம்மா ரசீதைப் பார்த்துட்டு, அப்புசாமி காது மெஷினுக்குப் பதிலா பழைய பேப்பரைக் கட்டி அனுப்பிட்டான்னு சொன்னா நான் எங்கே போய் முட்டிக்கறது? பார்சலைத் தூக்கிட்டு நேரா போஸ்ட் ஆபீசுக்கு நடந்தேன்.

அங்கே கவுண்டர்ல சரிதாங்கற பேர்ல ஒரு புள்ளை. "விலையுள்ள சாமான்னா இன்ஷூர் பண்ணியே அனுப்பலாமுங்கய்யா, ஆனா ஓரமெல்லாம் அரக்கு வெச்சு முத்திரை போட்டுட்டு வாங்க"ன்னுச்சு. அரக்குக்கு ஊரெல்லாம் அலைஞ்சு கடைசியில ஒரு நகைப் பட்டறைக்காரர் காலைப் பிடிச்சு வாங்கியாந்தேன். ஊட்டுல சௌந்திரம் பால் சுட வைக்கற சட்டியிலேயே உருக்கி (அதுக்கு அப்புறம் ஊட்டுல எனக்குக் காபி இல்லீங்க), சொட்டுச் சொட்டா ஊத்தி, அஞ்சு ரூபாக் காசை வெச்சு அமுக்கிக் கொண்டு போனா, "காசெல்லாம் எல்லார்கிட்டயும் இருக்குமுங்கய்யா, உங்களுக்குன்னு ஒரு குறி வேணும்"ன்னு திருப்பி அனுப்பிருச்சு. எனக்குன்னு என்ன குறி இருக்குது? மாட்டுக்குக்கூட இப்பெல்லாம் சூட்டுக்குறி போய், காதுல நம்பர் போட்ட கம்பெனிக் கம்மல்தான். ஊடு பூராத் தேடி, முறுக்கு அச்சைச் சூடான அரக்குல அமுக்கினேன். பார்சல் மேல நட்சத்திரமாட்டம் தெரியறது அதுதானுங்க. கவர்மெண்ட் முத்திரைன்னு நினைச்சு யாரும் பயப்பட வேண்டாம்னு சொல்லி வையுங்க.

பார்சலைக் கவுண்டர்ல வெக்கறப்ப, அன்னிக்கு வந்த தினப் பேப்பரை நெஞ்சுல பிடிச்சுட்டு நின்னு சௌந்திரத்தை விட்டுப் போட்டோ எடுக்கச் சொன்னேன். யாரோ கடத்திட்டுப் போன ஆளாட்டம் இருக்குதுன்னு வரிசையில நின்னவங்க சிரிச்சாங்க. சிரிக்கட்டும், அவங்களுக்குச் சம்பந்தி இல்லைபோல. ரசீது கைக்கு வந்ததும் என்ற மனசு குளுந்து போச்சுங்க. தேதி, நம்பர், உங்க பேரு எல்லாம் பளிச்சுன்னு இருந்துச்சு. இதுக்குத் தண்ணி பட்டாலும் காலத்துக்கும் அழியக் கூடாதுன்னு ஜெராக்ஸ் கடை மாதேஷ்கிட்டக் குடுத்து லேமினேஷன் போடச் சொன்னேன். அவனும் நல்லவன், நல்லாச் சூடு பண்ணித்தான் போட்டான். மெஷினுக்குள்ள வெள்ளையாப் போன ரசீது அந்தப் பக்கம் வாறப்ப கன்னங்கரேல்னு அமாவாசையா வந்துச்சு. "அந்தப் பேப்பர் சூடு தாங்காதுங்கண்ணா, நீங்க சொல்லியிருக்கலாமில்ல"ன்னான். அவன் கடையில நான் அவனுக்குச் சொல்லோணுமாமுங்க!

கண்ணுல தண்ணி வந்துருச்சு, பொய் சொல்ல மாட்டேன். திரும்ப ஓடினேன். சரிதா அந்தக் கருப்பு அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துட்டு, சிரிப்பை அடக்கிட்டு, கம்ப்யூட்டரைத் தட்டி நம்பரை ஒரு சீட்டுல எழுதி வட்ட முத்திரையும் குத்திக் குடுத்துச்சு. "பார்சல் பத்திரமாப் போய்ட்டுத்தான் இருக்குதுங்கய்யா, ஏன் இப்படிப் பதறுறீங்க?"ன்னு கேட்டுச்சு. "அம்மிணி, உனக்கு இன்னும் கல்யாணம் ஆகலையா?"ன்னு மட்டும் கேட்டுட்டு வந்துட்டேன்.

அந்தச் சீட்டு, போட்டோ, கருப்பு ரசீது மூணையும் இதோட வெச்சிருக்கறேன். சம்பந்தியம்மா கையில குடுத்து, கண்ணாடி போட்டுப் படிக்கச் சொல்லுங்க. இந்தக் கடுதாசியையும் பதிவு பண்ணித்தான் அனுப்பறேன்.

பேத்திக்கு ஆசிகள். சம்பந்தியம்மாளுக்கு எங்கள் இருவரின் வணக்கமும், இயன்றால் கொஞ்சம் நம்பிக்கையும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி,
அப்புசாமி

பின்குறிப்பு: இதை எழுதி ரெண்டு நாள் கழிச்சுக் கவரை ஒட்டப் போறப்ப மதுமதி போன் பண்ணுச்சுங்க. பார்சல் வந்துருச்சாம். சம்பந்தியம்மாவே கையெழுத்துப் போட்டு வாங்கி, பிரிச்சு, உங்க காதுல அவங்களே மாட்டியும் விட்டுட்டாங்களாம். அப்புறம் மதுமதி குரலைத் தணிச்சு, "அப்பா, மாமா அதை மறக்கலீங்கப்பா, வேணும்னேதான் விட்டுட்டு வந்தாரு. இத்தனை நாளும் அத்தை பேசப் பேசச் சிரிச்ச முகமாத் தலையாட்டிட்டு நிம்மதியா இருந்தாரு"ன்னு சொல்லுதுங்க. அதுக்குள்ள சம்பந்தியம்மா போனைப் பிடுங்கி, "உங்களாட்டம் நாணயமான மனுசரைப் பார்க்க முடியாதுங்க"ன்னாங்க. பின்னால நீங்க "ஐயோ"ன்னது எனக்கு நல்லாக் கேட்டுச்சு. என்னை மன்னிச்சுக்கோங்க. இனிமேல் எங்க ஊட்டுல எதை விட்டுட்டுப் போனாலும், மறந்ததா, வேணும்னே விட்டதான்னு ஒரு சீட்டு எழுதி, கையெழுத்துப் போட்டு வெச்சுட்டுப் போங்க சாமி.