நம்ம வீட்டுலதான் தங்கணும்

வைகாசி முதல் தேதி காலை ஏழு மணிக்கு, தன்னை ஒரு பிராண்டாக ஆக்கிக்கொள்வது என்று இசக்கிதுரை தீர்மானித்தார். தென்காசியில் ஒரு மோட்டார் பம்ப் கடையில் பதினெட்டு வருஷமாக நின்றபடியே விற்பனை செய்தவர் அவர். கோயம்புத்தூர் பம்ப் கம்பெனி ஒன்று தென்காசியில் சர்வீஸ் சென்டர் திறக்கிறது, பொறுப்பாளர் தேவை என்று லிங்க்ட்இன்னில் பார்த்ததிலிருந்து மனுஷனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்த நாற்காலியில் எப்படியாவது உட்கார்ந்துவிட வேண்டும்.

"பிராண்டுன்னா? பல்பொடி மாதிரியா?" என்றாள் மனைவி சங்கரேஸ்வரி.

"ஏட்டி, இது பெர்சனல் பிராண்டு. நம்மள நாலு பேருக்குத் தெரியணும்."

"தெருவுக்கே தெரியுமே. நேத்து மோட்டார ஆஃப் பண்ணாம கடைக்குப் போய்ட்டியன்னு எதுத்த வீட்டுக்காரி அந்தச் சத்தம் போட்டா."

இதற்கெல்லாம் அசருகிற ஆளா? கல்யாண வரவேற்பில் போட்ட கோட்டைத் தேடி எடுத்தார். பட்டன் மாட்டவில்லை. இரண்டு கைகளையும் மார்புக்குக் குறுக்கே கட்டி, கோட்டை இழுத்துப் பிடித்தபடி ஒரு படம் எடுத்துக்கொண்டார். பார்ப்பவர்கள் அதைத் தன்னம்பிக்கை என்று நினைத்தார்கள்.

தினம் ஒரு பதிவு. 'பம்பு எனக்குக் கற்றுத்தந்த தலைமைப் பண்பு' என்று ஒன்று. 'ஐந்தருவியும் ஐந்து இலக்குகளும்' என்று ஒன்று. முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் 'அருமை சார்' என்று போட்டார்கள். அத்தனை பேருக்கும் இசக்கிதுரை ஒரே பதிலை எழுதினார்: 'சீசனுக்குக் குற்றாலம் வாங்க சார். நம்ம வீட்டுலதான் தங்கணும்.'

தென்காசிக்காரர்கள் இதைப் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம்கூடச் சொல்வார்கள். கேட்டவரும் 'கண்டிப்பா' என்பார். யாரும் வருவதில்லை. அது மரியாதை, அழைப்பு இல்லை. இந்த நுணுக்கம் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாதே என்று அவர் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

ஆனியில் சாரல் விழுந்தது. முதல் சனிக்கிழமை காலை வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. ஆறு பேர் தோளில் துண்டோடு இறங்கினார்கள்.

"நீங்க யாரு?"

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? உங்க பதிவுக்கு 'அருமை' போட்டேனே, நான்தான்!"

இசக்கிதுரை வாயைத் திறப்பதற்குள் பின்னாலேயே ஒரு கார். மனைவியோடும் மாமியாரோடும் இறங்கியவர் நமசிவாயம், அந்தக் கோயம்புத்தூர் கம்பெனியின் டைரக்டரேதான்; அவரும் ஒருநாள் 'அருமை' போட்டிருந்தார். இசக்கிதுரை அடுக்களைக்குள் ஓடினார்.

"ஏட்டி, ஒம்பது பேரு வந்திருக்காவ!"

"யாரு?"

"தெரியாது. என் நெட்வொர்க்கு."

"இன்னும் எத்தன பேரக் கூப்பிட்டிருக்கிய?"

போனைத் தள்ளித் தள்ளி எண்ணினார். "எல்லாஞ் சேத்து நாப்பத்தி மூணு."

சங்கரேஸ்வரி திட்டவில்லை. அதுதான் அவரை இன்னும் கலங்கடித்தது. மாதக் காலண்டரில் பழைய தாளைக் கிழித்தாள், பின்பக்கம் கோடு போட்டாள். மெயினருவியில் டூட்டி பார்க்கும் போலீஸ்காரி பொன்செல்விக்குப் போன் அடித்தாள். பொன்செல்வி அவளுடைய சித்தி மகள்.

"ஏட்டி செல்வி, அங்கன தண்ணி எப்படி விழுது?"

"வெள்ளம்க்கா. குளிக்க விடல. பழைய குத்தால அருவிக்கு அனுப்பு, கூட்டமே இல்ல."

அவ்வளவுதான். ஒரு கூட்டம் எண்ணெய் தேய்த்து நிற்கும்போது ஒரு கூட்டம் அருவியில் நின்றது, இன்னொரு கூட்டம் இட்லியின் முன்னால் உட்கார்ந்தது. வீட்டில் இருப்பது ஒரே குளியலறை. மூன்று வாரத்தில் நாற்பத்து மூன்று பேரும் வந்து போனார்கள், ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. நமசிவாயத்தின் மாமியார் கிளம்பும்போது சங்கரேஸ்வரியின் கையை விடவே மாட்டேன் என்றுவிட்டார்.

கடைசி வேன் தெருமுனை திரும்புவதற்குள் இசக்கிதுரை பதிவு போட்டுவிட்டார்: 'ஒரு குளியலறை, நாற்பத்து மூன்று விருந்தினர். நான் நிர்வகித்தது எப்படி?' இரண்டாயிரம் பேர் கைதட்டினார்கள். சங்கரேஸ்வரி போனை வாங்கி நிதானமாகப் படித்தாள்.

"இதுல நான் எங்கன இருக்கேன்?"

"கடைசி வரியப் பாரு. 'குடும்பத்தாருக்கு நன்றி'."

"நல்லது," என்றாள். அந்த 'நல்லது'க்கு அவர் பயந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை அந்தப் பதிவின் கீழே, சங்கரேஸ்வரி என்ற புத்தம்புதிய கணக்கிலிருந்து ஒரு கருத்து. 'வாழ்த்துகள்' என்று ஒரே சொல், கூடவே ஒரு படம். காலண்டர் தாளின் படம். அருவி நேரம், சாப்பாட்டு வரிசை, டைரக்டர் மாமியாரின் மாத்திரை நேரம் எல்லாம் அவள் கையெழுத்தில். புருஷன் பேரைச் சொல்லாத குடும்பத்துப் பெண் அவள். அதனால் தாளின் அடியில் இப்படி எழுதியிருந்தாள்: 'டம்ளர் கழுவ – இவங்க.'

வந்து போனவர்கள் ஒவ்வொருவராக அதன் கீழே சாட்சி சொன்னார்கள். 'மேடம், அந்த இட்லி!' என்றார் ஒருவர். 'டம்ளர் பளபளன்னு இருந்துச்சு சார்' என்று ஒரு நல்ல மனுஷர் ஆறுதல் சொன்னார்.

பத்து மணிக்கு நமசிவாயம் வீடியோவில் அழைத்தார். இசக்கிதுரை பாய்ந்து போய்க் கோட்டை மாட்டி, கையைக் கட்டி நின்றார்.

"சார், நான் ரெடி!"

"சந்தோஷங்க. போனைக் கொஞ்சம் மேடம்கிட்ட குடுங்க."

இட்லிக்கு நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்துக் கொடுத்துவிட்டு, மறுபடி கையைக் கட்டிக்கொண்டார். சங்கரேஸ்வரி 'சரிங்க, சரிங்க' என்று பத்து நிமிஷம் பேசிவிட்டு, தன் போனில் எதையோ தட்டி முடித்து, அவர் போனை மேஜையில் வைத்தாள்.

"ஒண்ணாம் தேதிலருந்து சர்வீஸ் சென்டர் பொறுப்பு எனக்காம். யாரு எப்ப எங்கன போணும்னு வரிச போட்டு அனுப்பணும், அவ்வளவுதான். செய்யுதேன்னுட்டேன்."

கட்டியிருந்த கை தானாக அவிழ்ந்தது. கோட்டு இரண்டு பக்கமும் விலகித் தொங்கியது.

"அப்ப... நான்?"

"பம்பு தெரிஞ்ச ஆளு ஒண்ணு எனக்குக் கீழ வேணுமாம். உங்களத்தான் சொன்னேன். ஆனா உங்க லிங்க்ட்இன் பக்கத்துல ஒரு பரிந்துரைகூட இல்லன்னாரு. அதான் இப்பவே எழுதிப் போட்டுட்டேன், பாருங்க."

போனை எடுத்துத் திறந்தார். பதினெட்டு வருஷ அனுபவத்துக்குக் கிடைத்த முதல் பரிந்துரை அது:

'சொன்ன நேரத்துக்கு டம்ளர் கழுவி வைப்பாங்க. நம்பி எடுக்கலாம்.'