சுரங்கம் சார் பெண் பார்த்த கதை

தங்கம் இருக்கும் இடத்தைத் தேடிப் போனவர்கள் உலகத்தில் கோடிப் பேர் இருப்பார்கள். தங்கம் தீர்ந்துபோன இடத்தைத் தேடி, லீவு போட்டு, விமான டிக்கெட் வாங்கிக்கொண்டு போன ஒரே தமிழர் எங்கள் சுரங்கம் சார்தான். போட்டிக்கு வேறு யாராவது இருந்தால் அழைத்து வாருங்கள், விருந்து வைக்கிறேன்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. மாண்ட்ரியலில் அது யாருக்கும் தேவைப்படவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் எங்களுக்குப் பழக்கமான தமிழ்நாட்டுக் குடும்பங்களையெல்லாம் ஒரே வரவேற்பறையில் உட்காரவைத்துவிடலாம். அத்தனை பேருக்கும் அவர் சுரங்கம் சார். டவுன்டவுனில், மெட்ரோ ரயிலுக்குச் சுரங்கப்பாதை வரைந்து கொடுக்கும் அலுவலகத்தில் இன்ஜினியர். வருஷம் முழுக்கக் குழி வரைகிற மனிதர் லீவு கிடைத்தால் எங்கே போக வேண்டும்? கடற்கரைக்குப் போகலாம், மெட்ராஸுக்குப் போய் அம்மாவைப் பார்க்கலாம். இவர் நெவாடா பாலைவனத்துக்குப் போவார். எவனோ எந்தக் காலத்திலோ வெட்டி, தங்கம் தீர்ந்ததும் அம்போவென்று விட்டுவிட்டுப் போன குழிகளைப் படம் எடுத்துக்கொண்டு வருவார்.

ஒரு தடவை என் வீட்டுக்காரர் ஆசைப்பட்டு அவரோடு கிளம்பினார். திரும்பி வந்தபோது கருகின அப்பளம் மாதிரி இருந்தார்.

"விடியக்காலைல ஒரு குழி வாசல்ல கொண்டுபோய் நிறுத்தினார். வெயில் சரியா விழணுமாம். மத்தியானம் வரைக்கும் நின்னோம்."

"உள்ள போய்ப் பார்த்தீங்களா?"

"உள்ள போகக் கூடாதாம், இடிஞ்சு விழுமாம். வாசல்ல நின்னு பார்க்கத்தான் அவ்வளவு தூரம் போனோம்."

கால் கடுத்துப்போய், பக்கத்துத் தகரக் கொட்டகையில் கிடந்த ஒரு பழைய நாற்காலியில் இவர் உட்கார்ந்திருக்கிறார். அத்தனை காலம் காற்றுக்கும் வெயிலுக்கும் தாக்குப்பிடித்த நாற்காலி, என் சமையல் வளர்த்த உடம்புக்குத் தாங்கவில்லை. சுரங்கம் சார் ஒரு வார்த்தை திட்டவில்லையாம். காமிராவைக் கீழே வைத்துவிட்டு, அந்தி சாயும்வரை உட்கார்ந்து, உடைந்த கால்களைப் பொருத்திப் பொருத்திப் பார்த்தாராம். பொருந்தவில்லை. மறுநாள் வரை என் வீட்டுக்காரரோடு பேசவும் இல்லை.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. எடுத்த படங்களையெல்லாம் ஸ்லைடு போட்டு, குளிர்காலம் பூராவும் வீடு வீடாகக் காட்டுவார். அவருடைய காரைத் தெருமுனையில் பார்த்ததும் விளக்கை அணைத்துவிட்டுக் கட்டிலுக்கடியில் படுத்த குடும்பங்களை நான் அறிவேன். புரொஜெக்டர் பெட்டியோடு வருவார். நம் வீட்டுப் படுக்கை விரிப்பைக் கேட்டு வாங்கிச் சுவரில் மாட்டுவார். கையில் ஒரு திரைச்சீலைக் கம்பி. "இது குழி. இது அதே குழி, இடது பக்கத்துலேர்ந்து" என்று ஆரம்பிப்பார்.

யாராவது கண் அசந்தால் தீர்ந்தது. கம்பி அசந்தவர் தோளைத் தொடும். "சார், போன படத்துல கொட்டகைக்கு எந்தப் பக்கம் தண்ணித்தொட்டி?" தப்பாகச் சொன்னால் முதல் படத்துக்குத் திரும்பிவிடுவார். பல்கலைக்கழகத்தில் கணக்குப் பேராசிரியராக இருந்த பெரியவர் ஒருவர், பாத்ரூம் போவதாகச் சொல்லிவிட்டுப் பின்கதவு வழியாக, கோட்டுகூட இல்லாமல் பனியில் இறங்கி வீட்டுக்கு நடந்தே போய்விட்டார். குளிர் தாங்கலாம் என்று தோன்றியிருக்கிறது.

சுரங்கம் சாருக்கு வயது முப்பத்தேழு ஆகியும் கல்யாணம் ஆகவில்லை. காரணம் இந்தப் பெட்டிதான். வந்த வரன் ஒவ்வொன்றுக்கும் படம் காட்டியே ஓட்டிவிட்டார். ஒரு பெண்ணின் அண்ணன் டொராண்டோவிலிருந்து வந்து, படமெல்லாம் கவனமாகப் பார்த்துவிட்டு, "இதுல உங்களுக்கு எத்தனை பங்கு?" என்று மரியாதையாகக் கேட்டான்.

"பங்கா? அது காலியான சுரங்கங்க."

அவன் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனான்.

அதற்கப்புறம் ஒருநாள், மாண்ட்ரியலின் அஹுன்ட்சிக் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு, அதிசயமாகப் பெட்டி இல்லாமல் வந்தார். வெகு நேரம் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். "அண்ணி, தனியா சமைச்சுத் தனியா சாப்பிட்டு அலுத்துப் போச்சு. நீங்க பார்த்து ஏதாவது செய்யுங்க. இனிமே யாரும் வருவாங்கன்னு தோணல" என்றார். அத்தனை நாள் அவரைக் கேலி செய்துகொண்டிருந்த நான், அன்றைக்கு அவரை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டுத்தான் அனுப்பினேன்.

எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி இருந்தாள். டாக்டர் கமலா, மதுரைப் பக்கம். டவுன்டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கும் வேலை. முப்பது தாண்டிவிட்டது, அப்பா அம்மா இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரையும் வரச் சொன்னேன். சுரங்கம் சாரிடம், "பெட்டியோட வந்தீங்கன்னா வாசலோட திருப்பி அனுப்பிடுவேன்" என்று கண்டித்துச் சொல்லியிருந்தேன். பெரிதாகத் தலையாட்டினார்.

வந்தார், பெட்டியோடு.

"என்ன சார் இது?"

"கார்ல விட்டா குளிர்ல லென்ஸ் கெட்டுடுங்க, அண்ணி. சும்மா உள்ள வெச்சுக்கறேன்."

கமலா ராத்திரி டியூட்டி முடித்து, தூங்காமலே வந்திருந்தாள். கேசரி, பஜ்ஜி எல்லாம் ஆயிற்று. பேச்சுக்கு ஒன்றும் கிடைக்காமல், பாவம், "அந்தப் பெட்டில என்ன இருக்கு?" என்று அவளே கேட்டுவிட்டாள். விதி யாரை விட்டது? ஐந்து நிமிஷத்தில் என் நல்ல விரிப்பு சுவரில் தொங்கியது. ஜன்னல்கள் மூடப்பட்டன.

நாலாவது படத்திலோ ஐந்தாவது படத்திலோ கமலாவின் தலை சாய்ந்தது. சோபாவில் சாய்ந்தபடி, வாய் லேசாகத் திறந்து, அயர்ந்து தூங்கிவிட்டாள். நானும் என் வீட்டுக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கம்பி கிளம்பப் போகிறது, இந்த வரனும் போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கம்பி கிளம்பியது. அவள் பக்கம் போகவில்லை, என் பக்கம் வந்தது. நாற்காலியில் மடித்து வைத்திருந்த கம்பளியைக் காட்டி, அவளைக் காட்டி, மறுபடியும் கம்பளியைக் காட்டியது. எழுந்துபோய்ப் போர்த்திவிட்டேன். சுரங்கம் சார் அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை. படங்கள் மட்டும் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாம் முடிந்து என் வீட்டுக்காரர் புரொஜெக்டரை நிறுத்தப் போனபோது, பாய்ந்து கையைப் பிடித்துவிட்டார்.

"வேணாம் சார். இதோட ஃபேன் சத்தத்துலதான் தூங்கறாங்க. நின்னா முழிச்சுப்பாங்க."

"அதுக்கு?"

"முதல்லேர்ந்து போடறேன்."

போட்டார். அது முடிந்ததும் மறுபடியும் போட்டார். இருட்டில் நாங்கள் மூன்று பேரும் மூச்சு விடாமல் உட்கார்ந்து, அதே குழிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். நடுவில் டெலிபோன் மணி அடித்தது. சுரங்கம் சார் இரண்டே தாவலில் போய் அதன்மேல் குஷனை வைத்து, தானும் ஏறி உட்கார்ந்துகொண்டார். ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் போய்விட்டது. என் வீட்டுக்காரருக்குப் பசி, எனக்குச் சிரிப்பு. சுரங்கம் சார் மட்டும் படத்தையும் பார்க்காமல், அவளையும் நேராகப் பார்க்காமல், பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தார்.

கமலா விழித்ததும் பதறிப்போனாள். "ஐயோ, மன்னிச்சுக்குங்க. எவ்வளவு நேரம் தூங்கினேன்?"

"ஒண்ணும் போயிடலைங்க. எல்லாம் காலியான இடம்தானே" என்றார் அவர்.

சமையலறைக்கு வந்தவளிடம், சூடாகக் காப்பியைக் கொடுத்து, தயங்கித் தயங்கி, "என்னம்மா சொல்றே?" என்று கேட்டேன். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஆஸ்பத்திரில எல்லாரும் என்னை எழுப்பறவங்கதான், அக்கா. இவர் எழுப்பல" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனவள், "நான் எந்தப் படத்துல தூங்கினேன்? அங்கேர்ந்து போடுங்க" என்றாள்.

என் வீட்டுக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

கோடையில் கல்யாணம் நடந்தது. புறநகர் கர்க்லாண்டில் வீடு வாங்கினார்கள். ஒவ்வொரு வருஷமும் இரண்டு பேருமாகப் பாலைவனத்துக்குப் போனார்கள். அவர் வெயிலுக்காகக் காத்திருப்பாராம், அவள் கார் ஜன்னலைத் திறந்துவிட்டுத் தூங்குவாளாம். யாருக்கும் குறை இல்லை. படம் காட்டுவதும் குறையவில்லை. இப்போது அவர்கள் வீட்டில் காப்பி மட்டும் நன்றாக இருந்தது, அதனால் ஓடிப்போகிறவர்கள் கொஞ்சம் தாமதமாக ஓடினார்கள்.

எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும். கூடப் பிறந்தவர்களிடம்கூட அவ்வளவு பாசம் வைத்ததில்லை. இத்தனை வருஷத்தில் அதை ஒருநாள்கூட நேரில் சொன்னதில்லை. சொன்னால் அந்தச் சந்தோஷத்தில் உடனே ஜன்னலை மூட ஆரம்பித்துவிடுவார் என்ற பயம்தான். பரவாயில்லை, மூடட்டும். இந்தத் தடவை அவர்கள் வீட்டுக்குப் போகும்போது சொல்லிவிடப் போகிறேன்.